படிக்கணக்கு

வரைபடத்தில் கடல் சரியாக மடிப்பில் விழுகிறது.
திறந்து மூடித் திறந்து மூடித்
துறைமுகம் இருந்த இடத்தில் இப்போது ஓட்டை.
அதன் வழியே மேசைத்துணியின் மஞ்சள் கட்டம் தெரிகிறது.
"கப்பல் நிற்குமிடத்தில் பார், நெலிடா,
உன் சூப்புக் கறை" என்கிறான் எவாரிஸ்தோ.

மெந்தோசாவிலிருந்து வால்பராய்சோவுக்குப்
பேருந்தில் ஒரு பகல்,
கணவாய் திறந்திருந்தால்.
போன ஜூலையில் பனி மூடிக்கொண்டது.
அதற்கு முந்தைய முறை அவன் இடுப்பெலும்பு.
அதற்கும் முன்னால் ஒரு காரணமும் இல்லை,
டிக்கெட் எடுக்கப் போனவன்
நான்கு டயர் வாங்கி வந்தான்.

இம்முறை நோட்டுப் போட்டிருக்கிறோம்.
அவன் பக்கத்தில் பழைய சுங்கக் கட்டடம்,
மேட்டுக்கு இழுத்துப்போகும் மரப்பெட்டி லிஃப்ட்டுகள்,
எது ஓடுகிறது, எது பழுது என்று சிவப்பு மையில்.
எல்லையில் ஆப்பிளைப் பிடுங்கிக்கொள்வார்களாம்,
சுரங்கத்துக்கு முன்பே தின்றுவிட வேண்டும்
என்பது வரை.

என் பக்கத்தில் ஒரே வரி:
நங்கூரமிட்ட கப்பல்கள் இரவில் விளக்கை அணைக்குமா?
எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் தெருவோர வாய்க்கால்,
அதுவும் முறை வைத்து.

விடுதிதான் சிக்கல்.
அதற்குத் தெருவில்லை, படிக்கட்டு.
எத்தனை படி என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை.
புது இடுப்பு ஒரு மூச்சில் நாற்பது தாங்கும்
என்கிறார் டாக்டர்.

போன் போட்டேன்.
ஒர்தென்சியா என்றொரு அம்மாள்.
"பிறந்ததிலிருந்து ஏறுகிறேன், எண்ணியதில்லையே.
இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று
ரிசீவரை எங்கோ வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு நாய்.
மேலேயோ கீழேயோ அதற்குப் பதிலாக இன்னொன்று.
எரிவாயுக்காரன் உருளையை இரும்பால் தட்டிக்கொண்டு போனான்.
யாரோ யாரையோ சோம்பேறி என்றார்கள்,
ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது.
கூரைத் தகரத்தைக் காற்று நெம்பிப் பார்த்தது.
எவாரிஸ்தோ பேனாவை மூடினான்.

அப்போது, அடிவயிற்றிலிருந்து எடுத்த குரலில்,
ஒரு கப்பல்.

டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது என்று
இன்றும் சாதிக்கிறான்.
நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

பதினோரு நிமிடம். வெளிநாட்டுக் கட்டணம்.
வைத்துவிடலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

மூச்சிரைக்க வந்தாள்.
"தொண்ணூற்று நான்கு.
நடுவில் பக்கத்து வீட்டுக்காரன் பேச்சுக் கொடுத்தான்,
ஒன்றிரண்டு முன்பின் இருக்கும்.
எப்போது வருகிறீர்கள்?"

எவாரிஸ்தோ 94 என்று எழுதினான்.
அடியில் 40 எழுதிக் கோடு போட்டான்.
கழிக்கவில்லை.

அக்டோபர், என்றேன், பனி உருகட்டும்.
நடுவில் உட்கார ஏதாவது உண்டா?

"முப்பத்தெட்டாம் படியில் ஒரு நாற்காலி.
யாருடையதென்று தெரியாது.
பூனை எழுந்தால் உட்காரலாம்."