ஆறாயிரத்து முன்னூறு லிட்டர்

தண்ணீர் தயார் என்று சோதனைக் குழாய் சொன்னபோது
ஐப்பசி பாதி போயிருந்தது.
பச்சை நிறம் மஞ்சளுக்கு இறங்க முப்பத்தெட்டு நாள்.
அதுவரை பாளையங்கோட்டையின் முறிந்த எலும்புகளெல்லாம்
வெறுந்தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

பதினாலடி நீளம், அகலமும் உயரமும் நாலடி.
கண்ணாடி தூத்துக்குடியிலிருந்து வைக்கோலில் படுத்து வந்தது.
இறக்கிய எட்டுப் பேரில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்து
அங்கேயே டோக்கன் வாங்கிக்கொண்டார்.

"நீ விலங்கியல் படிச்ச பிள்ளைதானம்மா, மீனை நீயே எடு"
என்றார் டாக்டர் எபநேசர்.
எக்ஸ்ரே அறை இருட்டில்
ஒரு முழங்காலுக்கும் அடுத்த தோள்பட்டைக்கும் நடுவே
பட்டியல் எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.

அரோவானா.
கொளத்தூர்க்காரர் போனில் சொன்ன விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
மூடி திறந்திருந்தால் துள்ளும்.
தரையில் விழுந்து முள் முறிந்த மீனுக்கு
இங்கே மாவுக்கட்டு கிடையாது.

செவ்வால் கெளுத்தி.
கடையில் சுண்டுவிரல், மூன்றாம் வருடம் தொடையெலும்பு.
நாலடி அகலத்தில் திரும்ப நினைத்தால்
தன் வாலைக் கும்பிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

ஆஸ்கர்,
வாடகைக்கு வந்து சுவரை இடிக்கிற ஆள்.

பெரிய தொட்டிக்குப் பெரிய மீன் என்றார்கள் எல்லோரும்,
மருந்துக் கடைக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர்,
கால் தூக்கிக் கட்டப்பட்டிருந்த ஒருவர்கூட.
எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை.
மைதானம் கிடைத்தால்
யானையைக் கட்டிப்போடவா, பிள்ளைகளை ஓடவிடவா?

கடைசியில் இப்படி நின்றது:
கெண்டை அறுபது, வாலோரம் கறுப்புப் பொட்டு உள்ளது.
ஆரால் ஆறு, மணலுக்கு வெளியே மூக்கு மட்டும்.
பாசி மேயக் கல்லொட்டி பன்னிரண்டு.
தண்ணீரை ஆறுபோல் இழுக்க ஒரு மோட்டார்.

சீவலப்பேரியில் வலை போடும் பிச்சைக்கண்ணு
மூன்று தரம் கேட்டார்:
"உயிரோடயா? கிலோக் கணக்கா, எண்ணிக் கணக்கா?"
டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"இது குழம்பு மீனுல்லா?"
ஆமா டாக்டர்.
கொஞ்ச நேரம் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார்.
"சரி."

மீன் வர ஒரு நாள் இருக்கையில்
மேலப்பாளையத்து இலியாஸ்,
இடது கை கட்டில் தொங்க
ஒத்தைக் கையால் ஏணியில் ஏறி
தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான்.
"அயிரைதான்க்கா, பாளையங்கால்வாய்ல பிடிச்சது."
அயிரை இல்லை.
செம்மஞ்சள் கோடு ஓடிய ஒரு விரல் நீளம்.
விரால் குஞ்சு.

வலையில் வரவில்லை. கொசுவலையில் வரவில்லை.
வாட்ச்மேன் கொம்பையா ராத்திரி டார்ச்சோடு
தூண்டிலில் மண்புழு கோத்து உட்கார்ந்தார்.
புழுவை மட்டும் வாங்கிக்கொண்டது.

அதைவிடச் சிறிசெல்லாம் இனி அதுக்குச் சோறு.
அதைவிடப் பெரிசுக்கெல்லாம் அது சோறு.
இந்த இரண்டு வரிக்கு நடுவே
என் பட்டியல் நுழையவில்லை.
பிச்சைக்கண்ணு வீட்டு சிமெண்ட் தொட்டியில்
ஒன்பது நாள் காத்த அறுபது கெண்டையும்
கிலோக் கணக்கில் போயின.
அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

இப்போது நோயாளிகள் நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள்.
"இன்னைக்குக் கண்டியளா?"
"மரக்கட்டைக்குப் பின்னாடி. வால் மட்டும்."
ஒருவர் சத்தியம் செய்கிறார், அது தன்னைப் பார்த்ததாக.

கட்டுப் பிரிக்க வந்த இலியாஸ்
வெளுத்து இளைத்த கையைக் கண்ணாடியில் ஒட்டினான்.
விரலாகப் போட்டது உள்ளங்கையாக வந்து நின்றது.
அவன் அம்மா அவன் தலையில் குட்டினாள்,
பிறகு அவளும் குனிந்து பார்த்தாள்.

கொள்முதல் தாள் இன்னும் என் மேஜையில்.
மீன்: ஒன்று. விலை என்ற கட்டம் காலி.
அடுத்தது என்ன என்று டாக்டர் வெள்ளிதோறும் கேட்கிறார்.
பார்க்கலாம் டாக்டர் என்கிறேன்.

அது மூச்சுக்கு மேலே வருகிறது.
ஒரு மிடறு காற்று, ஒரு வளையம்.
வளையம் பதினாலடி போய்ச் சேருமட்டும்
டோக்கன் நாற்பத்தொன்றை இரண்டு தரம் கூப்பிட்டேன்.
ஒருவரும் எழவில்லை.