பாடாமல் இருக்க எவ்வளவு?

குத்தாய்சி சந்தைக்கு வெளியே
மினிபஸ்கள் புகைவிட்டு நிற்கிற இடத்தில்
சனிக்கிழமை ஒன்பதுக்கே போய்விட்டோம்.
மருத்துவம் படிக்கும் நால்வர்.
பாடுகிறவர்கள் மூவர்.
நான் ஜாடி.

ஊறுகாய் போடும் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி;
எத்தனை கழுவியும் பூண்டு வாசம் போகவில்லை.
அதன் வயிற்றில் ஒட்டிய தாளில் என் கையெழுத்து:
'நுரையீரல் நோயுள்ள குழந்தைகளுக்கு
வீட்டிலேயே வைத்துக்கொள்ள மருந்தாவிக் கருவி.'
கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல்
எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன.

பாட்டில் என் இடம் முதல் ஒத்திகையிலேயே போயிற்று.
"நீ வாயை மட்டும் அசை" என்றாள் க்வான்ட்ஸா,
கோபமில்லாமல்,
வலிக்காது என்று சொல்லி ஊசி போடுகிற குரலில்.
வாயை அசைப்பதற்கு ஜாடியை அசைப்பது மேல்.

பெஸிக் அடியில் நிற்பான்,
ஒரே சுரம்,
மூட்டை சுமக்கிறவன் முதுகு மாதிரி.
க்வான்ட்ஸா நடுவில் கதையைச் சொல்லிப் போவாள்.
சோட்னே மேலே, கூரையேறிய பூனை,
எப்படி இறங்குவான் என்று சந்தையே பார்க்கும்.
ஒருவர் மூச்சு வாங்குகிற இடத்தை
மற்ற இருவரும் மூடிவிடுவார்கள்.
தையல் தெரியாது.

அக்ரூட் விற்கிறவள் சில்லறை போட்டாள்
பேரம் பேசியவனைத் திட்டுவதை நிறுத்தாமலே.
ஒரு பையன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு ஓடினான்.
போலீஸ்காரர் தாளை முழுக்கப் படித்தார்,
தொண்டையைக் கனைத்தார், போடாமல் போனார்,
திரும்பி வந்து போட்டார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.
சம்ட்ரெடியா வண்டியின் ஓட்டுநர்
இறங்கி நேரே என்னிடம் வந்தார்:
"பாடாமல் இருக்க எவ்வளவு?"

நான் பதில் தேடுவதற்குள்
ஜாடியில் ஒரு இருபது நோட்டு.
அன்றைய பெரிய நோட்டு அதுதான்.
"பத்து நிமிஷம். மனைவி கூப்பிடுவாள், இத்தாலியிலிருந்து.
அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள்,
அவர் குளிக்கப் போகும்போதுதான் அவளுக்கு நேரம்.
எனக்கு எஞ்சின் தின்ற காது.
வரிசையில் அடுத்த வண்டி என்னுடையது, நகர முடியாது."

மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.
எல்லோரும் என்னைப் போல ஆனோம்.
சோட்னே ரொட்டி வாங்கப் போனான்.

அவர் கத்தினார், காது கேளாதவர்கள் கத்துவதுபோல:
மாத்திரை சாப்பிடுகிறேன்.
இல்லை, அந்தக் கூரை இன்னும் ஒழுகவில்லை.
யார்? ஆமாம், அதே பிள்ளைகள்தான்.
நான்தான் நிறுத்தச் சொன்னேன்.
நீ பேசுவது கேட்க வேண்டாமா?

பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பியபோது
தவறான பொருளுக்குக் காசு கொடுத்தவரின் முகம்.
"பாடச் சொல்கிறாள்.
ஆனால் இதற்குத் தனியாகத் தர என்னிடம் இல்லை."

சோட்னேயைக் காணோம்.
க்வான்ட்ஸா என்னைப் பார்த்தாள்,
டிக்கியில் கிடக்கும் மாற்று டயரைப் பார்ப்பதுபோல.
ஜாடியைக் காலிடுக்கில் வைத்தேன்.

மேல்குரல் நான்.
ஏற வேண்டிய இடத்தில் ஏறினேன்.
நிற்க வேண்டிய இடத்தில் உடைந்தேன்.
இருவரும் ஓடிவந்து மூடினார்கள்.
தையல் நன்றாகவே தெரிந்தது.

நீட்டிப் பிடித்த போனுக்குள்
யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.
அழுகையா சிரிப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஓட்டுநர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு
எங்களிடம் சொன்னார்:
"மேலே பாடியது யார் என்கிறாள்."

"ஜாடி" என்றான் பெஸிக்.

சோட்னே வந்தபோது வண்டி போயிருந்தது.
எதைத் தவறவிட்டேன் என்றான்.
ஒன்றுமில்லை என்றாள் க்வான்ட்ஸா,
சூடான ரொட்டியின் முனையைப் பிய்த்து
வாயில் போட்டுக்கொண்டே.

இரவு விடுதிக் கட்டிலில் கொட்டி எண்ணினோம்.
ஒரு முகக்கவசமும் குழாயும் வாங்கலாம்.
கருவிக்கு இன்னும் ஐந்தாறு சனிக்கிழமை.
இருபது நோட்டை முகர்ந்து பார்த்தேன்.
டீசல்.
அதன்மேல் அதற்குள்ளாகவே ஏறிவிட்ட பூண்டு.