நாற்பது மரங்களுக்குத்தான் மருந்து

பென்சில்வேனியாவின் வடக்கு மூலையில்
அறுநூற்றுச் சொச்சம் பேர் படிக்கும் கல்லூரி.
எங்கள் துறையில் ஒன்பது பேர்.
துறை என்றால்
வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வகுப்பறை,
மீன் செதில்களோடு
யாரோ மறந்த சாண்ட்விச்சும் உறைந்துகிடக்கும் குளிர்பெட்டி,
கதவோரம் என்றைக்கும் காயாத பூட்ஸுகள்.

காலையில் எல்லாரோடும் அறவியல் வகுப்பு.
மூழ்கும் படகிலிருந்து யாரைத் தள்ளலாம் என்று
இசை படிப்பவளும் கணக்கு படிப்பவனும்
மணி அடிக்கும்வரை வாதாடுவார்கள்.
இதுவரை யாரும் நனைந்ததில்லை.
மதியம் எங்களுக்கு மட்டும் காடு.
எண்ணுவதும் எண்ணுவதும்தான் எங்கள் படிப்பு:
பன்னிரண்டு மணிவரை ஒன்று,
அதற்குப் பிறகு மற்றொன்று.

பிப்ரவரியில் கண்டோம்.
ஹெம்லாக் ஊசியிலைகளின் அடிப்புறம்
காது குடையும் பஞ்சின் நுனிபோல்
வெள்ளை வெள்ளையாய்.
ரெபா கையுறையைக் கழற்றி நசுக்கினாள்;
விரலில் செம்பழுப்புக் கறை.
எல்லாம் பெண் பூச்சிகள்.
இந்தப் பக்கத்தில் அவை பெருக ஆணே தேவையில்லை.
"நம் விடுதி மாதிரி" என்றாள் இமானி.
சிரித்தோம்.
அண்ணாந்து பார்த்தபிறகு நிறுத்தினோம்.

ஓடைக்கரையில் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.
மருந்துக்குக் கல்லூரி தந்த பணம்
நாற்பதுக்குத்தான் எட்டும்.
அதே வாரம் புது டென்னிஸ் ஆடுகளத்துக்கு
அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

நீல ரிப்பன் கட்டிய மரம் பிழைக்கும்.
பலகையில் விதிகள் எழுதினோம்.
ஓடையின்மேல் நிழல் விழவேண்டும்;
நிழல் போனால் நீர் சூடாகும், டிரவுட் மீன் போய்விடும்.
உச்சி பாதிக்குமேல் பச்சையாக இருக்கவேண்டும்.
சாய்ந்தது வேண்டாம்.
கிழடு வேண்டாம்.
"கிழடு என்றால் எத்தனை வயது?" என்றான் டெல்மார்.
முந்நூறு என்று எழுதி
அழித்தோம்.
அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

என் அப்பா மரலாரி ஓட்டுபவர்.
"ஹெம்லாக்கா? அதை யார் வாங்குவார்கள்?
அந்தக் காலத்திலேயே
தோல் பதனிடப் பட்டையை உரித்துக்கொண்டு
கட்டையைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள்" என்றார்.
கொஞ்ச நேரம் தொலைபேசியில்
எஞ்சின் மட்டும் கேட்டது.
"எந்த நாற்பது?"

ஏப்ரலில் நிலம் இளகியதும் போனோம்.
நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளந்து
அங்குலத்துக்கு இத்தனை மில்லி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்;
இது அளந்தும் ஆற்றில் விழக்கூடாத மருந்து.
வேரில் வெந்நீர் ஊற்றியே பழகிய இனம்,
முழங்காலிட்டுச் சருகை விலக்கி
மெதுவாக, மிக மெதுவாக ஊற்றியது.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நாற்பது.
அப்புறம் ஓடை திரும்பும் இடத்தில்
நாற்பத்தொன்று.

சாய்ந்த மரம். முக்கால்வாசி சாம்பல் நிறம்.
அதன் நிழல் நீரில் விழுவதுமில்லை.
இடுப்பில் நீல ரிப்பன்.

யார் என்று யாரும் கேட்கவில்லை.
வாளியின் அடியில் ஒரு விரற்கடை மீதம்.
அளவு குறைந்தால் மருந்து மருந்தே அல்ல:
நான்காம் பாடம்,
தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த கேள்வி எனக்கு.
"யாராவது அவிழ்த்துவிடுங்கள்" என்றான் டெல்மார்,
ஓடையைப் பார்த்தபடி.

நான் போனேன்.
இரட்டை முடிச்சு.
விரல்கள் தடுமாறவில்லை;
வெள்ளிக்கிழமை இருட்டில்
அதைப் போட்டவையும் அவைதாமே.
பின்னால் எட்டுப் பேரும்
ஏற்கெனவே கழுவிய குவளைகளை
மும்முரமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அறவியல் வகுப்பில்
படகு வழக்கம்போல் மூழ்கிக்கொண்டிருந்தது.
இசை படிப்பவள் என் பக்கம் திரும்பினாள்:
நீ யாரைத் தள்ளுவாய்?
கோட்டுப்பையில் ரிப்பன் இன்னும் ஈரமாக இருந்தது.
எத்தனை என்று கேட்டதுபோல்
வாயிலிருந்து வந்துவிட்டது:
நூற்று எழுபத்திரண்டு.