பெற்றோர் கையொப்பம்

விஞ்ஞானக் கொப்பிக்குள் நாலாய் மடிந்து
மூன்று நாள் கிடந்த கடதாசி.
ஒரு மூலையில் சம்பல் எண்ணெய்.
"அப்பா, நாளைக்குக் குடுக்கோணும்" என்றாள் அபிர்ணா.
இரவு ஒன்பது மணிக்குத்தான் அவளுக்கு
நாளை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

எச்.பி.வி. தடுப்பூசி. தரம் ஆறு.
கீழே புள்ளிக்கோடு.
நான் ஓட்டோக்காரன்.
லீசிங் கடதாசியைக்கூட வாசிக்காமல் ஒப்பமிட்டவன்.
இதை மூன்று தரம் வாசித்தேன்.

ஸ்காபரோவிலிருந்து மச்சாளின் குரல்பதிவு:
"பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமாம், ஆரோ சொன்னவை."
எங்கள் ஊரில் இந்த ஆரோவுக்கு
வாக்குச்சீட்டைத் தவிர எல்லாம் உண்டு.

காலை ஆறரை, மருதனார்மடச் சந்தி.
சுகிர்தமலர் ரீச்சர் ஏறினா.
தெல்லிப்பழைக்கு, கதிர்ச் சிகிச்சைக்கு.
இருபத்தைந்தில் இது பதினேழாவது.
தெருப் பள்ளங்கள் எனக்கு மனப்பாடம்.
ரயில் கடவையில் சில்லை
முட்டை உருட்டுவதுபோல் உருட்டுவேன்.
அன்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்:
"ரீச்சர், பிள்ளைக்கு ஊசியாம்.
உங்கட வருத்தம் வராமல் இருக்கவாம்."

அவ வெளியே பார்த்தா. புகையிலைத் தோட்டம்,
நனைந்த ஒரு நாய், பிறகும் புகையிலைத் தோட்டம்.
"தம்பி, என்னைக் காட்டிப் பிள்ளையை வெருட்டாதையும்.
நான் ஒரு பாடம் இல்லை.
கேக்கிறதெண்டா மிட்வைவிட்டைக் கேளும்."

கேட்டேன்.
றெஜினா மிஸ் ஸ்கூட்டியை நிறுத்தாமல்
ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சொன்னா:
"ரெண்டு ஊசி. இப்ப ஒண்டு, ஆறு மாசத்தால மற்றது.
ஒண்டு போட்டாச்செண்டு மற்றதை விடாதையும்.
வெறுவயித்தோட அனுப்பாதையும்.
போட்டாப் பிறகு கால் மணித்தியாலம் இருக்கவேணும்,
சில பிள்ளையள் பயத்திலை தலைசுத்தி விழுங்கள்.
கை நோகும், காய்ச்சல் காயலாம், ரெண்டு நாளிலை போயிடும்.
முந்தி ஏதும் ஊசி ஒத்துவரேல்லை எண்டால்
படிவத்திலை எழுதும், மறைக்காதையும்."

பிள்ளைப்பேறு?
"கருப்பையைக் காக்கிற ஊசி எண்டு மச்சாளிட்டைச் சொல்லும்."

ஏன் இந்தச் சின்ன வயதில்?
"கிருமி வரமுன்னம் போடவேணும். வந்ததை இது துரத்தாது.
உவர் ஏறின கிணத்துக்கு
பிறகு கட்டுக் கட்டி என்ன?"

"அது எங்கையால வரும் மிஸ்?"

அவ இயந்திரத்தை நிறுத்தினா.
"ஆம்பிளையளிட்டையும் இருக்கும்.
இருக்கிறது கனபேருக்குத் தெரியாது.
கூடுதலாத் தானாகவே போயிடும். போகாட்டித்தான் வில்லங்கம்."

சந்தி வரைக்கும் அந்தச் சொல்
பின்சீற்றில் இருந்து வந்தது.
பொம்பிளையளின்ர வருத்தம் என்று
ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியவன்
நானும் ஏற்றிப் போயிருக்கலாம்,
மீற்றர் போடாமல்,
தெரியாமல்,
யாரோ ஒருத்தியின் வீட்டுக்கு.

இரவு நளாயினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"மிஸ் உன்னையும் கேட்டவ.
முப்பத்தைஞ்சு ஆயிட்டுதாம், கிளினிக்குக்கு வரட்டாம்."
"எனக்கு ஒண்டுமில்லையே."
"ஒண்டுமில்லாத நேரம்தானாம் வரவேணும்.
ஊசி போட்ட பிள்ளையளும்
அந்த வயசிலை போய்ச் சோதிக்கத்தான் வேணுமாம்."
பதில் இல்லை.
கத்தியை வைத்துவிட்டு
கலண்டரில் ஒரு புதன்கிழமையைத் தொட்டாள்,
வெங்காயக் கையால்.

புள்ளிக்கோட்டில் என் பெயரை முழுதாக எழுதினேன்.
"நோகுமா?" என்றாள் அபிர்ணா.
"நோகும்."
"எவ்வளவு?"
"ரெண்டு நாளைக்குப் பையை மற்றத் தோளிலை போடு."
யோசித்தாள். இது கணக்குப்போலப் பிடித்திருந்தது அவளுக்கு.
மறுபடி நாலாய் மடித்தாள்.

ஆறரை. சந்தி. பதினெட்டாவது.
ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
கடவையில் மட்டும்
நேற்றையிலும் மெதுவாக.