ஜல, தரு, பாஷாணம்

இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பர்சென்ட்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
கூண்டில் ஏறியதும் அதைத்தான் கேட்டார்கள்.
"கஜபதி, நீங்கள் யாருடைய ஆள்?
விற்ற தாமோதர நாயுடுவின் ஆளா,
வாங்கிய ரெஜினா பொற்கொடியின் ஆளா?"
இருபத்தாறு வருஷமாய், ஆற்காட்டிலிருந்து காட்பாடி வரை
நானூறு வீடு கைமாற்றிவிட்டவனை
யாரும் கேட்காத கேள்வி.
"வீட்டோட ஆளுங்க" என்றேன்.
சத்துவாச்சாரி கோர்ட்டில்
அதற்குச் சிரிக்க ஆளில்லை.

வீடு ராணிப்பேட்டையில், சிப்காட் தாண்டி.
கிழக்குப் பார்த்த வாசல், தேக்கு நிலை, பட்டா சுத்தம்.
வில்லங்கச் சான்றில் முப்பது வருஷமும்
இல்லை, இல்லை, இல்லை.
போர் மட்டும் இருநூற்று எண்பது அடியிலிருந்து
மஞ்சளாக ஏறி வரும்.
வாளியில் பிடித்துவைத்தால் விடிகாலையில்
அடியில் ஒரு துரு வளையம்.
அதற்குச் சான்று தரும் ஜன்னல்
எந்த ஆபீஸிலும் இல்லை.

அம்மா வீடு பார்க்க வருவதற்கு முந்தின ராத்திரி
சிகாமணியின் டேங்கரை வரச்சொன்னேன்.
பொன்னை ஆற்றுத் தண்ணீர், ஐயாயிரம் லிட்டர்.
சம்ப்பைக் கழுவி, தொட்டியைக் கழுவி,
குழாய் குழாயாய் ஓடவிட்டு
அறுநூறு ரூபாய். நாயுடுவும் நானும் பாதிப் பாதி.

அவர் டயாலிசிஸ் வார்டு நர்ஸ்.
தண்ணீரை மீட்டர் வைத்து அளக்கிற வேலை.
அன்று ஞாயிறு, மீட்டர் எடுத்துவரவில்லை.
சமையலறைக் குழாயைத் திறந்து
கையேந்திக் குடித்தார். "இனிப்பா இருக்கே."
நான் பொய் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.
அடுத்த அறைக்குப் போய்
ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டினேன்.

குடிவந்த மூன்றாம் வாரம் போன்.
நல்ல மனசோடுதான் சிகாமணியின் நம்பரைக் கொடுத்தேன்.
டேங்கருக்கு ஐம்பது ரூபாய் எனக்கு,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
அவன் வந்தான். வழி கேட்கவில்லை.
நேராகப் பின்பக்கம் போய், சாத்தியிருந்த பலகையை நகர்த்தி
சம்ப் மூடியைத் தூக்கினான்.
"இது இங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"
"முன்னாடியே வந்துகீறேன்மா" என்றிருக்கிறான், பாவம்.

நாயுடு தரப்பு சொன்னது:
வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து வாங்கணும்.
எதிர்த்தரப்பு சொன்னது:
கண்ணுக்குத் தெரியாத குறையென்றால்
விற்கிறவர்தான் வாயைத் திறக்கணும், ஐம்பத்தைந்தாம் பிரிவு.
என் வக்கீல் காதோரம் சொன்னது:
"அந்தப் பிரிவுல புரோக்கர்னு ஒரு வார்த்தை கிடையாது,
தைரியமா இரு."
இருந்தேன்.

பத்திரம் எழுதின சாரங்கபாணியைக் கூப்பிட்டார்கள்.
வக்கீல் ஹசீனா பத்திரத்தை நீட்டி, படிங்க என்றார்.
ஆயிரம் பத்திரத்தில் எழுதின வரி,
மூச்சு விடாமல் படித்தார் மனுஷன்:
மேற்படி சொத்தை நிதி நிட்சேபம்
ஜலம் தரு பாஷாணம் சகிதமாக
சர்வ சுதந்திர பாத்தியதையுடன்...
"நிறுத்துங்க. பாஷாணம்னா?"
"கல்லும்மா. பூமிக்குள்ள இருக்கிற கல். வடமொழி."
"தமிழ்ல?"
சாரங்கபாணி கண்ணாடியைக் கழற்றினார்.
மேஜை மேல் ஆறாம் சான்றாவணம்,
ஒரு பாட்டில்,
ஜன்னல் வெயிலில் ஆறின டீ மாதிரி நின்றது.

மறுபடி என்னை ஏற்றினார்கள்.
மே மாதம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
"டேங்கரை யார் கூப்பிட்டது?"
ஞாபகமில்லை என்று சொல்லப் பழகி வந்திருந்தேன்,
அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.
நீதிபதியே இரக்கப்பட்டு டவாலிக்குக் கைகாட்டினார்.
எவர்சில்வர் டம்ளரில், விளிம்பு தட்ட, வந்தது.
உதடு வரைக்கும் கொண்டுபோனவன்
நிறுத்தி,
"இது எங்க பிடிச்சது?" என்றேன்.

டைப்பிஸ்ட் அதையும் அடித்தார்.