கடைசிப் பந்து

டோர்ஷாவ்ன் பிள்ளைகள் பேருந்தில் வந்து,
படகேறி, மறுபடியும் பேருந்தில் வந்தார்கள்.
இறங்கியதும் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள்.
நாங்கள் சிரிக்கவே இல்லையென்று
சுன்வா டீச்சரிடம் பிற்பாடு சத்தியம் செய்தோம்.

எங்கள் பள்ளியில் மொத்தமே முப்பத்தொன்பது பேர்.
ஆண், பெண், குட்டை, நெட்டை,
கண்ணாடி போட்டவன், போட்டாக வேண்டியவன்
எல்லாரையும் கூட்டிக் கழித்தால் பதினொன்று தேறும்.
பன்னிரண்டாவது நான்.

மைதானத்துக்கு மூன்று பக்கம் வேலி,
நாலாவது பக்கம் அட்லாண்டிக்.
பந்து அந்தப் பக்கம் போனால்
எய்துனின் மாமா படகை அவிழ்ப்பார்.
கோப்பைப் போட்டி என்பதால் அன்றைக்கு நான்கு பந்துகள்.
இடைவேளைக்கு முன்பே இரண்டு போய்விட்டன.

வாடை, கொண்டல் என்று பெயர்சொல்லிக் கூப்பிட
ஃபாரோவில் காற்று ஒரு திசையாகவா வருகிறது?
எங்கள் கோலி ஓங்கி உதைத்த பந்து
பாதி வழி போய், யோசித்து,
அவனிடமே திரும்பியது.
சரிவில் நின்ற ஆடுகள்
எந்தக் கட்சியும் சேராமல் மேய்ந்தன.

ஒன்றுக்கு ஒன்று.
கூடுதல் நேரம் கிடையாது, கடைசிப் படகு நாலரைக்கு.
சமனில் முடிந்தால் சீட்டுக் குலுக்கல்.
போன வருஷமும் அப்படித்தான் தோற்றோம்.
சீட்டை எடுத்த கை
என்னுடையது.

மூன்றாவது பந்தும் போயிற்று.
ட்ரோண்டுருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது,
டீச்சர் பெஞ்சைப் பார்த்தார்.
பெஞ்சில் வேறு யார் இருக்கிறார்கள்?
இறங்கிய நான்கு நிமிடத்தில்
நான் பந்தைத் தொடவேயில்லை. பந்தும் அப்படித்தான்.

அப்போதுதான் பெனால்டி.
ரன்வா பந்தை வைத்தாள், உருண்டது.
புல்லைக் கிளறிக் குழியாக்கி வைத்தாள்,
அப்போதும் உருண்டது.
"யாராவது படுத்துப் பிடியுங்கள்" என்றார் நடுவர்.
எல்லாருக்கும் சட்டென்று ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது.
ஹ்யால்டியின் கட்டைவிரலைப்
பயிற்சியில் உடைத்தவள் அவள்தானே.
"நீ" என்றாள் என்னைப் பார்த்து.

ஈரப் புல்லில் கன்னம் வைத்துப் படுத்தேன்.
பந்தின் உச்சந்தலையில் ஒற்றை விரல்.
ஓடத் துடிக்கும் நாயைக்
கழுத்துப்பட்டையில் பிடித்திருப்பதுபோல் இருந்தது.
அவள் பின்னால் நடந்தது,
நின்றது,
வந்தது
எல்லாம் கன்னத்தின் வழியாகக் கேட்டது.
கண்ணை மூடவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

விரலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது குறுக்குக் கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது.
பந்து அதற்கும் மேலே,
காற்று அதை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி
நாலாவது பக்கத்துக்குக் கொண்டுபோயிற்று.

இன்னும் ஒரு நிமிடம் பாக்கி. ஆடப் பந்து இல்லை.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், படகுத்துறையைப் பார்த்தார்,
கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.
இரண்டு சீட்டுகள்.
நான் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன்.
"அவனே எடுக்கட்டும்" என்றாள் ரன்வா.

எடுத்தேன்.
டோர்ஷாவ்ன்.

வாந்தி எடுத்த மூவரும் கோப்பையைத் தூக்கிக் குதித்தார்கள்,
படகில் என்ன ஆனார்களோ.
ரன்வா என்னிடம் வந்தாள்.
அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.
என் கையைப் பிடித்து விரித்து
மண் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.
"அஞ்சும் இருக்கு" என்றாள்.
"அடுத்த வருஷமும் நீயே படு."

இருட்டிய பிறகும் எய்துனின் மாமாவுடைய விளக்கு
தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது.
மூன்று கிடைத்தது என்றார் மறுநாள்,
ஒன்றுதான் கிடைக்கவில்லையாம்.
எது என்று நான் கேட்கவில்லை.