நான்கெல்லை

முப்பத்தொரு வருஷம்
திருமங்கலம் சார்பதிவகத்துக்கு எதிரே
பத்திரம் எழுதினேன்.
கடைசிக் காலத்துக் கிரயங்களில்
வரி தொடங்கும்போது நெல்லாக இருந்த எழுத்து
வரி முடிகையில் கடுகு.
"என்ன சோலையப்பண்ணே, மையை மிச்சம் பிடிக்கிறீகளா?"
சிரிக்கத்தான் நினைத்தேன்.
முகம் நினைக்கவில்லை.

பார்க்கின்சன் என்றார் டாக்டர்.
யாரோ ஒருவர்
என் உடம்பைத் தன் பேருக்குப்
பட்டா மாற்றிக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டில் நிலைப்படிதான் வில்லங்கம்.
அந்தப் பக்கமும் இதே சிமெண்டுத் தரை.
ஆனாலும் பாதம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.
பின்னால் பஞ்சவர்ணம்,
தள்ளவும் பயந்து, சும்மா நிற்கவும் மாட்டாமல்.

செவ்வாய்க்கிழமை தோறும் மதுரைக்கு பஸ்.
அண்ணா நகரில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடம்,
முந்தின நாள் முகூர்த்தத்தின் சாம்பார் வாசனையோடு.
ஒன்பது பேர். ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி.
தரையில் மஞ்சள் டேப் ஒட்டுவாள் மெர்சி டீச்சர்.
"கோட்டைத் தாண்டணும்னு யோசிக்காதீங்க சார்,
தாளம் தாண்டிக்கும்."

பொய் சொல்லவில்லை அவள்.
தகதிமி என்றதும்
யாருடைய காலோ என் வேட்டிக்குள்ளிருந்து
எட்டு வைத்துப் போனது.

ஜமீலாம்மா கை எப்போதும் நடுங்கும்.
"எனக்கு எதுக்கு சலங்கை,
வளையலே ஆடுது" என்பார்.
துளசிராம் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவர்.
திரும்பச் சொன்னால்
பெட்டி பெட்டியாகத் திரும்புவார்,
கடைசிப் பெட்டி வரும் வரை
நாங்கள் கேட்டில் காத்திருப்போம்.

ஒருநாள் கரண்ட் போனது.
ஸ்பீக்கர் செத்தது.
ஒன்பது பேரும் போட்டோவில் நிற்பது போல,
எனக்கு ஒரு குதிகால் அந்தரத்தில்.
அப்போது வாசலில் இருந்த பஞ்சவர்ணம்
சாம்பார் வாளியைக் கவிழ்த்து
கரண்டியால் அடித்தாள்.
தாளம் என்று சொல்ல முடியாது.
இட்லி மாவுக்குச் சண்டை போடுகிற சத்தம்.
போதும்.
நடந்தோம்.

இப்போது வீட்டு நிலைப்படியில் நான் நின்றால்
அடுப்படியிலிருந்து டம்ளர் சத்தம் வரும்.
திட்டு வராது.

தீர்ந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு:
இல்லை.
மாத்திரையின் நேரம் முடிந்தால்
மறுபடி கான்கிரீட்.

ஆகவே இதன் விவரமாவது:
கிழக்கே ஜமீலாம்மா வளையலுக்கும்
மேற்கே துளசிராமின் கடைசிப் பெட்டிக்கும்
வடக்கே ஸ்பீக்கருக்கும்
தெற்கே பஞ்சவர்ணத்தின் வாளிக்கும்
இதற்குள்பட்ட நாலடித் தரை,
காலை பதினொன்றரை வரை,
என் சுவாதீனத்தில்.